சாய்ந்த குப்பமும் தேசராணியின் வசவும்

சிப்பிக்குப்பம் சாய்ந்த கதையைச் சொல்வதென்றால் குழம்பில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஊரில் எல்லார் வீட்டுத் தட்டிலும் குழம்பு ஒரே பக்கமாக ஓடி ஒதுங்கியதே தவிர வேறு ஒரு முன்னறிவிப்பும் இல்லை, தேசராணி தன் தட்டை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், எப்படித் திருப்பினாலும் குழம்பு நாகபூஷணம் வீடு இருக்கிற திசைக்கே போய் நின்றது, "சரி, அங்கயே கெட, யாரு உன்ன வேணாங்குறது" என்று குழம்பையும் ஒரு அதட்டு அதட்டிவிட்டு, சோற்றை அந்தப் பக்கமாகத் தள்ளிப் பிசைந்து சாப்பிட்டுக் கை கழுவப் போனாள்.

அதட்டுவது அவளுக்குப் புதிதில்லை, அதுதான் அவள் பிழைப்பே. கடல் ஒரு பக்கம், கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கிய உப்பேரி இன்னொரு பக்கம், நடுவில் மணல்மேட்டில் முப்பது வீடு, அவ்வளவுதான் குப்பம். உப்பேரியில் எல்லா இடமும் ஒன்றா என்ன? கடல் உள்ளே நுழைகிற முகத்துவாரத்தில் வலையைப் போட்டால் இறால் நெருக்கியடித்துக்கொண்டு வரும், அங்கிருந்து தள்ளிப் போகப் போகச் சேறும் நண்டும்தான். இதற்காகச் சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சிப்பி, சிப்பியில் அந்தந்த வீட்டு அடையாளம், முப்பது சிப்பியையும் ஒரு மண்பானையில் போட்டுக் குலுக்கி, ஊருக்குக் கடைசியாக வாழ வந்த மருமகளின் கண்ணைத் துண்டால் கட்டி, சனிக்கிழமை காலையில் ஒரு சிப்பியை எடுக்கச் சொல்வார்கள். எந்த வீட்டுச் சிப்பியோ அந்த வீட்டுக்கு அந்த வாரம் முகத்துவாரம்.

இது ஒரு வழக்கம். இதற்குமேல் இன்னொரு வழக்கம் இருந்தது, அது வேறு எந்தக் குப்பத்திலும் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலைக்கொட்டகையில் எல்லாரும் கூடுவார்கள், அந்த வாரம் அதிகமாக மீன் பிடித்தவனுக்குச் சாமந்தி மாலை போடுவார்கள், குறைவாகப் பிடித்த மூன்று பேரை வரிசையாக நிற்க வைத்து தேசராணி திட்டுவாள். சும்மா ஒப்புக்குத் திட்டுகிற திட்டு இல்லை. "ஏன்யா, வல வீசப் போனியா, ஏரிக்குக் கொசுவல கட்டப் போனியா?" என்று ஆரம்பித்தால், அவன் படகு, அவன் துடுப்பு, அவன் தூங்குகிற தூக்கம், போன மாசம் அவன் வாங்கி ஒடித்த குடை என்று எதையும் விடமாட்டாள், அப்பன் பாட்டனை மட்டும் இழுக்கமாட்டாள், அது அவள் வைத்திருந்த மரியாதை. திட்டு வாங்கியவனுக்கு அடுத்த வாரம் மீன் கூடும். மாலை வாங்கியவனுக்கு அடுத்த வாரம் மீன் குறையும். பத்துக்கு ஒன்பது தரம் இப்படித்தான் நடந்தது, நடந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள், அதனால் திட்டு மீனை இழுக்கும், மாலை மீனை விரட்டும் என்று ஊருக்கே நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மாலை வருகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டால் ஆம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடுவார்கள். சுமாராகப் பிடித்தவன்கூட தேசராணியின் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "யக்கா, நமக்கும் ரெண்டு வார்த்த போட்டு அனுப்பேன்" என்பான். மீன் கூடியவர்கள் ஆளுக்கொரு மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதற்கு வசவுமீன் என்று பேர், அதில்தான் அவள் சோறு வெந்தது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

நாகபூஷணம் அந்த வரிசையில் அடிக்கடி நிற்கிற ஆள். நாற்பது தாண்டியவன், தனிக்கட்டை, பேச்சு வராது, அதிர்ஷ்டமும் வராது, பாவம், முகத்துவாரம் எப்படி இருக்கும் என்றே மறந்து போயிருந்தான். தேசராணிக்கு அவன் விஷயத்தில் ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. மற்றவர்கள் சேற்றுக்காலோடு வந்து நிற்கும்போது அவன் மட்டும் குளித்து, எண்ணெய் வைத்துத் தலைசீவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பான், திட்டு வாங்க வருகிறவனுக்கு எதற்கு இந்தச் சிங்காரம் என்று கேட்டு அதற்கும் சேர்த்துத் திட்டுவாள், அவன் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துச் சிரிப்பான்.

அவனுடைய சிப்பிதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. அடுத்த சனிக்கிழமையும் அவனுடையதே வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. பானையை மாற்றினார்கள், வந்தது. கண்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள், வந்தது. மருமகள் பூங்காவனம் இடது கையால் எடுத்தாள், அப்போதும் அவன் வீட்டு நங்கூர அடையாளம் போட்ட சிப்பிதான் வந்தது, அந்தப் பெண் பயந்துபோய் அழுதேவிட்டாள். முகத்துவாரத்தில் அவன் வலை போட்ட இடமெல்லாம் இறால் மலையாகக் குவிந்தது, ஒவ்வொரு வாரமும் குப்பம் அவன் வீட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

ஊர் சாய்ந்தால் என்ன செய்வது? கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்தார்கள், குடத்தை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் தூக்கக் கற்றுக்கொண்டார்கள், டீக்கடையில் கிளாசைச் சாய்த்துப் பிடித்துக் குடிக்கப் பழகிவிட்டு வெளியூர்க்காரர்கள் நேராகப் பிடிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள், பிள்ளைகள் பனைமட்டையில் உட்கார்ந்து மேலத்தெருவிலிருந்து நாகபூஷணம் வாசல் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போய், ஏறி வந்து, மறுபடியும் சறுக்கி, சாப்பாட்டு நேரத்தையே மறந்தார்கள், எலுமிச்சம்பழம், தேங்காய், கோழி முட்டை, தாயக்கட்டை, யார் வீட்டுக் குழந்தையோ உதைத்த பந்து, சந்தைக்குப் போட்ட பூசணிக்காய் எல்லாம் உருண்டு உருண்டு அவன் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. அவனும் சளைக்காமல் சாயங்காலம் ஆனால் ஒரு கூடையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மேடேறி, வீடு வீடாக, "இது உங்க முட்டையா, இந்தத் தேங்கா யாருது" என்று கேட்டுக் கொடுத்துவிட்டு வருவான். ஊரே சாய்ந்துவிட்டதே என்று யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. டீ சரியாக நிற்கமாட்டேன் என்கிறது என்றுதான் குறைப்பட்டார்கள்.

மாலைதான் எல்லாரையும் குழப்பியது. வாரா வாரம் மாலை போட்டார்கள், ஒன்றுக்கு இரண்டாகவும் போட்டுப் பார்த்தார்கள், அவனுக்கு மீன் இறங்கவே இல்லை. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு அவன், திட்டு வாங்குகிறவர்கள் நிற்கிற இடத்தையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, சாய்வு நன்றாக முற்றிய நேரம், தேசராணி வழக்கம்போல மூன்று பேரை நிற்க வைத்து வாயைத் திறந்தாள், "ஏன்டா கன்னியப்பா, உன் வலயில மாட்டுன மீனு வெக்கத்துலயே செத்திருக்குமேடா" என்றாள், கன்னியப்பன் எதிரில் நின்றுகொண்டு காதில் கையை வைத்து, "இன்னாக்கா? கேக்கலியே" என்றான். வார்த்தைகள் அவன் வரைக்கும் போகவில்லை. வாயிலிருந்து விழுந்ததும் சரிவில் இறங்கி, கொட்டகையைத் தாண்டி, தெருவோடு உருண்டு, நாகபூஷணம் வீட்டு வாசலில் போய் ஒவ்வொன்றாகக் குவிந்தன. அவன் மாலையும் கழுத்துமாக ஓட்டமாக ஓடிப்போய் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வசவையும் ஆற அமரக் கேட்டான், கேட்டு முடித்ததை ஓரமாக ஒதுக்கி வைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வாரம் இறால் குவிந்தபோதுகூட யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கன்னியப்பனுக்கு மீன் கூடியது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழாதவனுக்கு மீன் எப்படிக் கூடும் என்று தேசராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற இரண்டு பேருக்கும் கூடியிருந்தது. அதற்கடுத்த வாரம் வேறு மூன்று பேர், அவர்களுக்கும் ஒரு வசவும் போய்ச் சேரவில்லை, அவர்களுக்கும் கூடியது. மூன்று பேரும் நன்றியோடு வசவுமீன் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், ஆனால் அன்றைக்குக் குழம்பு அவளுக்கு இறங்கவில்லை. ஒருத்தனுக்கு ரொம்ப மட்டமான வாரம் வந்தால், அதற்கடுத்த வாரமும் அவ்வளவு மட்டமாக வருவதற்கு இன்னொரு தரம் எல்லாமே கோணலாக நடந்தாக வேண்டுமே, அது அடிக்கடி நடக்காதே, ஆக அவன் தானாகவே தன் பழைய இடத்துக்கு ஏறி வந்துவிடுகிறான், உச்சிக்குப் போனவனும் அதே மாதிரி இறங்கி வந்துவிடுகிறான், நடுவில் நின்று இத்தனை வருஷமாக நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், அடக்கடவுளே! இப்படி ஓடியது அவள் நினைப்பு. இதை வெளியே சொன்னால் நாளைக்கு உலையில் என்ன போடுவது? அவள் வாயை மூடிக்கொண்டாள், அவள் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் மீன் கணக்கெடுக்கிற ஆபீசரம்மா செண்பகவல்லி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஊர் சாய்ந்திருப்பதைப் பார்த்து ஸ்கூட்டருக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, முப்பது படகின் மீனையும் கூட்டி முப்பதால் வகுத்து, "படகுக்கு ஒம்போது கூடை, நல்லா இருக்கீங்களே" என்றார். "ஒம்போதா? யம்மா, எனக்கு நாலே தாண்டலியேம்மா" என்று கன்னியப்பன் கத்த, எனக்கு அஞ்சு, எனக்கு ஆறு என்று ஊரே கத்தியது. அந்தம்மா கெட்டிக்காரி. எல்லாரையும் குறைவிலிருந்து அதிகம் வரை வரிசையாக நிற்கச் சொன்னார். இருபத்தொன்பது பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள், நாகபூஷணம் மட்டும் தன் கணக்குக்கு ஏற்ற தூரத்தில், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டிய தொலைவில் தனியாகப் போய் நின்றான். அந்தம்மா வரிசையின் நட்ட நடுவுக்குப் போய், அங்கே நின்றவனிடம் கேட்டார்.

"உனக்கு எத்தனப்பா?"

"அஞ்சு கூடைம்மா."

"இதான் உங்க ஊரு. நான் முதல்ல சொன்னது அதோ அங்க நிக்கிறாரே, அவரு இழுத்த இழுப்பு. ஒருத்தர் அவ்வளவு தள்ளி நின்னா சராசரி அவரு பக்கம் ஓடிடும். நீங்க அத்தன பேரும் இந்தப் பக்கமே இருக்கீங்க. பின்ன ஊரு சாயாம என்ன செய்யும்?"

சிரித்துக்கொண்டே ஐந்து என்று எழுதிக்கொண்டு, கிளாசை அழகாகச் சாய்த்துப் பிடித்து டீயைக் குடித்து முடித்தார், கல்லை மீறிப் போன ஸ்கூட்டரை நாகபூஷணம் வீட்டு வாசலில் போய் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் ஊருக்கு அந்தப் பேச்சில் ஒன்று மட்டும்தான் மனதில் தைத்தது, சாய்வுக்குக் காரணம் நாகபூஷணம். தலைவர் மாசிலாமணி வெள்ளிக்கிழமை கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்து, கெட்டவர் இல்லை அவர், தர்மசங்கடத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அவன் மேல தப்பு சொல்லல. ஆனா நாளைலேர்ந்து அவன் சிப்பி பானையில வேணாம். அவன் வெளிய இருந்தாத்தான் ஊரு நேராவும்."

"அதெல்லாம் தேவயில்ல தலைவரே, இத்தினி தரம் வந்துட்ச்சி, இனிமே வரவே வராது, வேற ஆளுக்கு வந்தே ஆவணும்" என்றான் ஒருவன். "போடா, அந்தச் சிப்பிக்கு வர்ற வழி பழகிட்ச்சிடா, இனிமே அதுதான் வரும்" என்றான் கன்னியப்பன். பாதி ஊர் இந்தப் பக்கம், பாதி ஊர் அந்தப் பக்கம்.

நாகபூஷணம் எழுந்தான். "எடுத்துடுங்க. எனக்கும் அலுத்துட்ச்சி. எங்கக்கா ஊருக்குப் போயிடுறேன்" என்றான். அவன் ஊரறிய அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே அதுதான் முதல் தரம்.

தேசராணிக்குப் பகீரென்றது. ஏன் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் கோபம் வந்தது, தன் மேல், அவன் மேல், ஊர் மேல், பானை மேல் எல்லாம் வந்தது. சிப்பியை எடுத்துவிட்டால் அவனுக்கு இந்த ஏரியில் இடம் கிடையாது, அவன் போவான், போனால் திரும்பமாட்டான். அவனை நிறுத்த வேண்டுமென்றால் பேச வேண்டும், பேசினால் தன் பிழைப்பையும் சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். வார்த்தை சரிவில் இறங்கி எல்லார் காதுக்கும் போகட்டும் என்று அவள் கொட்டகையின் மேட்டு ஓரத்தில் ஏறி, கீழே இருக்கிறவர்களைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா, சிப்பிக்கு மூள இருக்குதா? போன வாரம் யாரு கையில வந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்குதா? வந்துட்ச்சி, இனிமே வராதுங்குற நீ. வந்துட்ச்சி, இனிமே அதான் வருங்குற நீ. ரெண்டு பேருக்கும் அறிவு கெடயாது. முப்பது சிப்பி கெடக்குது, பூங்காவனம் கைய வுடுறா, எல்லாத்துக்கும் ஒரே பங்கு, முப்பதுல ஒண்ணு. நேத்தும் அதான், நாளைக்கும் அதான்."

"அப்ப ஊரு சாஞ்சது?" என்றார் தலைவர்.

"சாஞ்சது. ஏன் சாஞ்சது? ஒருத்தன் ஓரத்துக்குப் போயிட்டான். எந்தப் பானையா இருந்தாலும் எவனோ ஒருத்தன் ஓரத்துக்குப் போவான். அவன தூக்கி வெளிய போட்டா அடுத்து இன்னொருத்தன் ஓரமா தெரிவான், அவனயும் தூக்குவீங்க, கடசில பானையில காத்துதான் இருக்கும். பேசாம எடுத்துக்கினே இருங்க. எடுக்க எடுக்கத் தானா சமமாவும்." மூச்சு வாங்கினாள். இனிமேல் சொல்ல வேண்டியதுதான் கஷ்டம். "இன்னொண்ணு. நான் திட்டி ஒங்களுக்கு மீனு வரல. கொஞ்ச நாளா என் வார்த்த ஒண்ணுகூட ஒங்க காதுல வுழல, மீனு வந்துட்ச்சா இல்லியா? கீழ வுழுந்த வாரத்துக்கு அடுத்த வாரம் தானா கொஞ்சம் மேல வரும், நான் திட்டினாலும் வரும், தாலாட்டு பாடினாலும் வரும். மாலைக்கும் ஒண்ணும் கெடயாது. நாளைலேர்ந்து யாரும் எனக்கு மீனு தர வேணாம்."

தேசராணி அழுதுவிடுவாளோ என்று பயந்து பூங்காவனம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, சிப்பி இருக்கட்டும்" என்றார் மாசிலாமணி கடைசியில்.

மறுநாள் காலையில் ஊரே பானையைச் சுற்றி நின்றது. பூங்காவனம் கையை விட்டாள், எடுத்தாள். நங்கூரம். நாகபூஷணம்!

"இன்னாடி தேசராணி?" என்று ஊர் அவளைத் திரும்பிப் பார்த்தது. "இன்னாவா? முப்பதுல ஒண்ணு அவனுக்கும் உண்டுன்னுதானே சொன்னேன்? அடுத்த வாரம் எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, ஒரு பாட்டம் அழுதாள். அந்த வாரம் அவளுக்கு யாரும் மீன் கொண்டுவரவில்லை, அவளே வேண்டாம் என்றதுதான், இருந்தாலும் கஷ்டமாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவித் தானே நண்டு பிடித்துச் சமைத்தாள், நண்டு நன்றாகவே இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை பூங்காவனம் எடுத்த சிப்பியில் நங்கூரம் இல்லை. திருப்பிப் பார்த்தாள், கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள், ஒரு துடுப்பும் கோடும் போட்டிருந்தது. "யம்மாடியோவ், என்னுது!" என்று கன்னியப்பன் குதித்த குதியில் பானை உடைந்தது. யாரும் திட்டவில்லை. அன்றைக்கு ஆரம்பித்து ஊர் மெல்ல மெல்ல நிமிர்ந்தது, ஒரு வாரம் கன்னியப்பன், ஒரு வாரம் மேலத்தெரு, ஒரு வாரம் தலைவர் வீடு என்று சிப்பிகள் இஷ்டத்துக்கு வந்தன, கட்டிலுக்குக் கீழே இருந்த செங்கலை எடுத்து அடுப்புக் கட்டினார்கள், டீ கிளாசில் நேராக நின்றது, பிள்ளைகள் மட்டும் பனைமட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அழுதார்கள். நாகபூஷணம் பழையபடி இறங்கி இறங்கி, ஒரு வாரம் சுமாராக, ஒரு வாரம் மட்டமாக, எல்லாரையும் போல ஆனான். வெள்ளிக்கிழமைகளில் மாலையும் இல்லை, வசவும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து வலை பின்னினார்கள், சீக்கிரமே எழுந்து வீட்டுக்குப் போனார்கள், என்னவோ சப்பென்று இருந்தது.

ஊர் முழுசாக நிமிர்ந்துவிட்ட ஒரு சாயங்காலம் தேசராணி முகம் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தரை மட்டமாக இருந்தது. எந்தப் பக்கமும் ஒரு இழுப்பும் இல்லை, இந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான், அந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். அவள் நாகபூஷணம் வீட்டுப் பக்கம் நடந்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட உருட்டாத அந்தத் தரையில் ஒவ்வொரு அடியையும் அவளேதான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

அவன் வாசலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"உன்னுது எதுவும் இங்க இல்லியே. எல்லாத்தயும் திருப்பிக் குடுத்துட்டேன்."

"எதுவும் உருண்டு வரல. நானேதான் வந்தேன்."

அவன் பேசாமல் நின்றான். ஒரு நிமிஷம் பொறுத்தாள், இரண்டு நிமிஷம் பொறுத்தாள், அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"யோவ், வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிருக்கே? ஊரு முழுக்க முட்டயும் தேங்காயும் தூக்கிக்கினு அலஞ்சியே, என் வூட்டு வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேக்கக் காலு வரலியா? அக்கா ஊருக்குப் போறானாம் அக்கா ஊருக்கு! போயிருந்தா அங்க எவ உன்னத் திட்டுவா, மட சாம்பிராணி, உன் அதிர்ஷ்டத்தயும் பாத்தேன், உன் கஷ்டத்தயும் பாத்தேன், ரெண்டுத்துலயும் இதே மூஞ்சிதான்..." என்று தொடங்கி, அவன் படகுக்குப் போய், அவன் அடுப்புக்குப் போய், அவன் துவைக்கத் தெரியாமல் துவைத்து வைத்த வேட்டிக்குப் போய், சொல்லிக்கொண்டே போனாள், அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது, கன்னியப்பன் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்து நின்றான்.

"யோவ் நாகு, ஒரு மீனும் வராதுய்யா, அவங்களே சொல்லிட்டாங்க!" என்று கத்தினான்.

"மீனு யாருக்குடா வேணும்?" என்றான் நாகபூஷணம். அப்புறம் வலையை ஓரமாகத் தள்ளி, கதவை அகலத் திறந்து, அவளுக்கு வழிவிட்டு நின்றான்.

"மீதிய உள்ள வந்து திட்டு."